லினக்ஸ் பாதுகாப்பும் எச்சரிக்கையின் மொழியும்

“லினக்ஸில் வைரஸ் வராது” என்னும் தொடர் நம் கல்லூரி வளாகங்களில் ஒரு பழமொழியைப் போலவே வழங்கி வருகிறது. ஆய்வேட்டை எழுதும் மடிக்கணினியில் உபுண்டு நிறுவிக்கொண்ட எவரும் இதை ஒருமுறையேனும் கேட்டிருப்பார். பிறருக்குச் சொல்லியும் இருப்பார். இதில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதி நம்மைக் கவனமற்றவர்களாக ஆக்கிவிடுகிறது. கணினிப் பொறியியல் என் துறையன்று. மொழியியல் பயின்ற ஓர் ஆய்வு மாணவராக, என் துறை சார்ந்து ஒரு கருத்தை இங்கே முன்வைக்க விரும்புகிறேன். லினக்ஸ் கணினியின் பாதுகாப்பு, திரையில் தோன்றும் ஒரு செய்தியைப் படித்துப் பயனர் எடுக்கும் முடிவில்தான் பெரும்பாலும் தங்கியிருக்கிறது. அச்செய்தி அவருக்கு விளங்கும் மொழியில் இல்லாதபோது, பொறுப்பை மட்டும் அவர்மேல் ஏற்றிவைப்பது நியாயமன்று.

பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, அட்டப்பாடிப் பகுதிகளிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைப் பகுதிகளிலும் வாழும் நமக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. இந்திய மாநிலங்களுள் பள்ளிக் கல்வியில் லினக்ஸை இவ்வளவு பரவலாகக் கொண்டுசென்றது கேரளம். 2001-இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் தொடங்கியது. அதே ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். பின்னர்ப் பள்ளிக் கணினிக் கல்வி படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2017-இல் அத்திட்டம் ‘கைட்’ என்னும் நிறுவனமாயிற்று. 2019-இல் உபுண்டு 18.04-ஐ அடிப்படையாகக் கொண்ட பதிப்பை வெளியிட்டபோது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் அது நிறுவப்படும் என்றும், உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்றும் அறிவிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்கு வாழ்வில் முதன்முதலாகத் தொட்ட கணினியே லினக்ஸ் கணினிதான். இது பெருமைக்குரிய செய்தி. ஆயினும் ஒரு தலைமுறையின் கையில் கருவியைக் கொடுத்தால், அதைக் காக்கும் அறிவையும் உடன் கொடுத்தோமா என்று கேட்பதும் நம் கடமை.

2017 மே மாதத்தை நினைவூட்டுகிறேன். ‘வான்னாகிரை’ என்னும் பிணைத்தொகை மென்பொருள் மே 12 அன்று உலகெங்கும் பரவத் தொடங்கியது. அடுத்த சில நாள்களில் வயநாட்டின் தரியோடு ஊராட்சி அலுவலகமும், நம் பாலக்காட்டில் தெற்கு ரயில்வேயின் கோட்ட அலுவலகமும் அதற்கு இலக்காயின. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலரை பிட்காயினாகச் செலுத்துமாறு திரையில் மிரட்டல் தோன்றியது. தாக்கப்பட்டவை விண்டோஸ் கணினிகள். “நாங்கள் லினக்ஸ், எங்களுக்குக் கவலையில்லை” என்ற பேச்சு அப்போது எழுந்தது இயல்பே.

ஆனால் அந்நிகழ்வு கற்றுத்தந்த பாடம் வேறு. அத்துளையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் கிடைத்தும் அதை நிறுவாத கணினிகளே பெரும்பாலும் சிக்கின. இன்னொரு செய்தியும் உண்டு. வான்னாகிரை பரவிய பன்னிரண்டாம் நாள், மே 24 அன்று, லினக்ஸ் கணினிகள் விண்டோஸ் கணினிகளுடன் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளப் பயன்படும் ‘சம்பா’ மென்பொருளில் ஏறத்தாழ அதே வகையான ஒரு துளை இருப்பது அறிவிக்கப்பட்டது. 2010 முதல் ஏழு ஆண்டுகள் அது அங்கேயே இருந்திருக்கிறது. திருத்தமும் அன்றே வந்தது, நிறுவியவர் தப்பினர். ஆக, பாதிக்கப்பட்டவரையும் தப்பியவரையும் பிரித்தது இயங்குதளத்தின் பெயர் மட்டுமன்று. வந்த திருத்தத்தை ஏற்றுக்கொள்ளும் பழக்கமும்தான்.

இதனால் லினக்ஸின் வலிமைகள் பொய்யென்று ஆகிவிடா. அன்றாடப் பயனரின் அதிகாரமும் நிர்வாகியின் அதிகாரமும் அதில் தொடக்கத்திலிருந்தே பிரிக்கப்பட்டுள்ளன. மென்பொருளை எங்கிருந்தோ தேடிப் பதிவிறக்காமல், கையொப்பமிட்ட களஞ்சியத்திலிருந்து பெறும் முறை இருக்கிறது. மூலநிரல் அனைவர் பார்வைக்கும் திறந்திருக்கிறது. ஆனால் திறந்திருப்பது வேறு, எவரேனும் உட்கார்ந்து படிப்பது வேறு. சாதாரணப் பயனருக்கு நிர்வாகி அதிகாரத்தைத் தற்காலிகமாக அளிக்கும் ‘சூடோ’ நிரலில் 2011-இல் நுழைந்த பிழை 2021 ஜனவரியில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அதே பணியைச் செய்யும் ‘பிகேஎக்ஸெக்’ நிரலில் 2009 முதல் இருந்த பிழை 2022 ஜனவரியில் வெளிவந்தது. இரண்டுமே, அக்கணினியில் ஒரு சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் எவரையும் முழு நிர்வாகியாக்கிவிடக் கூடியவை. பலரும் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் கல்லூரி ஆய்வகத்தில் இதன் பொருள் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

2024 மார்ச் 29 அன்று வெளியான ‘எக்ஸ்.இசட்.’ நிகழ்வு இன்னும் ஆழமானது. கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு நிரல்தொகுப்பை ஏறத்தாழத் தனியொரு தன்னார்வலர் பராமரித்து வந்தார். ‘ஜியா டான்’ என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டாண்டுகளுக்கும் மேலாக உதவிகள் செய்து நம்பிக்கையைப் பெற்று, பொறுப்பிலும் அமர்ந்து, கள்ளவாசல் ஒன்றை அதற்குள் வைத்தார். தொலைநிலை உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்னும் பொறியாளர் அதன் காரணத்தைத் தோண்டியபோது உண்மை வெளிப்பட்டது. பெரும்பாலான நிலைத்த பதிப்புகளை அது எட்டுமுன்னரே தடுக்கப்பட்டது. மென்பொருளை எழுதுவோரிடையே நிலவும் நம்பிக்கை எவ்வளவு மெல்லியது என்பதை இந்நிகழ்வு காட்டியது. அதைக் காத்ததும் ஒரு மனிதரின் கவனமே.

இனி ஃபயர்வால் எனப்படும் தீச்சுவருக்கு வருவோம். பாதுகாப்பு என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வரும் சொல் இதுவே. 2001-இல் வந்த 2.4 கெர்னலிலிருந்து ‘நெட்ஃபில்ட்டர்’ என்னும் வடிகட்டி லினக்ஸின் உட்கருவிலேயே அமைந்திருக்கிறது. அதை எளிதாக இயக்க உபுண்டுவில் ‘யு.எஃப்.டபிள்யூ.’ என்ற கருவி உண்டு. ஆனால் அது நிறுவப்பட்ட நிலையில் முடக்கப்பட்டே வருகிறது. பயனர்தான் இயக்க வேண்டும். புதிதாக நிறுவிய உபுண்டு மேசைக் கணினி, வெளியிலிருந்து வரும் அழைப்புகளுக்குக் கதவுகளைப் பெரும்பாலும் திறந்து வைப்பதில்லை என்பதால் உடனடி ஆபத்து குறைவு. நாமோ ஆய்வுத் தேவைக்காகத் தரவுத்தளம், தொலைநிலை உள்நுழைவு, கோப்புப் பகிர்வு என ஒவ்வொன்றாக நிறுவுகிறோம். ஒவ்வொன்றும் ஒரு கதவைத் திறக்கிறது. அதே கணினியை விடுதியின் பொது வைஃபையிலும் இணைக்கிறோம். ‘டாக்கர்’ பயன்படுத்துவோர் ஒன்றைச் சிறப்பாக அறிய வேண்டும்: டாக்கர் வெளிப்படுத்தும் போர்ட்டுகள் யு.எஃப்.டபிள்யூ. விதிகளைத் தாண்டிச் செல்லக்கூடியவை. தீச்சுவர் இயங்குகிறது என்று திரை சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்திருக்கக்கூடும்.

வாளையாற்றிலும் குமுளியிலும் சோதனைச் சாவடிகளைப் பார்த்து வளர்ந்த நமக்குத் தீச்சுவரின் எல்லையை விளக்குவது எளிது. சாவடி, சாலை வழியே வரும் வண்டியை நிறுத்திப் பார்க்கும். வீட்டுக்காரரே விரும்பி அழைத்துவந்து தன் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்த விருந்தாளியை அது ஒன்றும் கேட்காது. யூடியூப் காணொளியின் கீழ் ஒருவர் எழுதிவைத்த கட்டளையை நகலெடுத்து, முனையத்தில் ஒட்டி, சூடோ கேட்கும் கடவுச்சொல்லையும் தட்டிக் கொடுக்கும்போது நாம் செய்வது அதுவே. அக்கட்டளை இணையத்திலிருந்து ஒரு நிரலை இறக்கி, எவரும் படித்துப் பாராமலேயே, நிர்வாகி அதிகாரத்துடன் ஓடவிடுகிறது. எந்தத் தீச்சுவரும் அதைத் தடுக்காது. ஏனெனில் ஒப்புதல் அளித்தவர் கணினியின் உரிமையாளரே.

2016 பிப்ரவரியில் ‘லினக்ஸ் மின்ட்’ இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், பதிவிறக்க இணைப்பைக் கள்ளவாசல் வைத்த கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். நம்பகமான இயங்குதளத்தை, அதன் சொந்தத் தளத்திலேயே பெறச் சென்றவர்களும் ஏமாற நேர்ந்தது. இறக்கிய கோப்பின் கையொப்பத்தைச் சரிபார்த்திருந்தால் வேறுபாடு தெரிந்திருக்கும். அதே ஆண்டில் ‘மிராய்’ என்னும் நிரல், லினக்ஸில் இயங்கும் கண்காணிப்பு கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அதற்கு நுட்பமான உத்தி எதுவும் தேவைப்படவில்லை. தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லை உரிமையாளர்கள் மாற்றாமல் விட்டதே போதுமானதாக இருந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, “ஆக, பயனர் பொறுப்புடன் நடந்துகொள்ள வேண்டும்” என்று முடித்துவிடலாம். பாதுகாப்பு பற்றிய கட்டுரைகள் பலவும் அங்கேதான் முடிகின்றன. என் கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சூடோவை முதன்முறை பயன்படுத்துவோருக்குப் பல லினக்ஸ் வழங்கல்களில் ஒரு சிறு அறிவுரை தோன்றும். பிறருடைய அந்தரங்கத்தை மதிக்க வேண்டும். தட்டுமுன் சிந்திக்க வேண்டும். பெரிய அதிகாரத்தோடு பெரிய பொறுப்பும் வருகிறது என்னும் மூன்று கருத்துகள் அதில் இருக்கும். பயனர் பொறுப்பு என்னும் கொள்கை முழுவதும் அவ்வளவே. அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. ஆனால் வண்டிப்பெரியாற்றிலோ மூணாறிலோ தமிழ்வழியில் பயிலும் ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு அது ஆங்கிலத்தில் ஓடிமறையும் நான்கைந்து வரிகள் மட்டுமே. அடுத்து அவர் கடவுச்சொல்லைத் தட்டும்போது பெரும்பாலான பதிப்புகளில் திரையில் எதுவும் தோன்றாது. விசைப்பலகை பழுதென்றே பலரும் முதலில் நினைப்பர். பொறுப்பை ஒப்படைக்கும் அத்தருணம், பொருள் விளங்காத சடங்காக முடிந்துவிடுகிறது.

மொழியியல் மாணவர்களுக்கு ஆஸ்டினின் பேச்சுச்செயல் கோட்பாட்டை நினைவூட்டத் தேவையில்லை. சில கூற்றுகள் செய்தியைத் தெரிவிப்பவை அல்ல, செயலையே நிகழ்த்துபவை. கடவுச்சொல் கேட்கும் பெட்டி அத்தகையது. அது கேள்வியன்று, ஒப்புதல் கோரல். அதற்கு விடையளிப்பது ஒரு பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு நிகர். எழுதியிருப்பது விளங்காமல் இட்ட கையெழுத்தை, வெளியுலகில் நாம் ஒப்புதலாக ஏற்பதில்லை. கணினித் திரையில் மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?

மொழிபெயர்த்துவிட்டால் மட்டும் போதுமா எனில், அதுவும் இல்லை. எப்படி மொழிபெயர்க்கிறோம் என்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது. ‘அங்கீகாரம் தேவை’ என்று ஒரு பெட்டி சொல்வதாகக் கொள்வோம். வந்திருப்பவர் யார் என்பதை உறுதிசெய்வதும், அவருக்கு ஒன்றைச் செய்ய உரிமை உண்டா என்று தீர்மானிப்பதும் பாதுகாப்பியலில் இரு வேறு செயல்கள். ‘அங்கீகாரம்’ என்ற ஒரே சொல் இரண்டையும் மூடிவிடுகிறது. பள்ளிக்கு அரசு தரும் அங்கீகாரத்தைத்தான் அது முதலில் நினைவூட்டும். ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற தொடரையும் பாருங்கள். செயப்பாட்டு வினை; மறுத்தவர் யாரென்று தெரியவில்லை. வாசிப்பவருக்கு அது ஏதோ ஓர் அலுவலகம் காரணமின்றித் திருப்பி அனுப்பியதுபோல ஒலிக்கிறது. அலுவலகம் மறுத்தால் நம்மவர் மாற்றுவழி தேடுவர். இங்கே மாற்றுவழியின் பெயர் சூடோ. ‘இக்கோப்பு உங்கள் கணக்குக்கு உரியதன்று, மாற்றினால் கணினி முழுவதும் பாதிக்கப்படலாம்’ என்று எழுதப்பட்டிருந்தால் அவர் ஒரு கணமேனும் நிற்பார். அந்த ஒரு கணம்தான் பாதுகாப்பு.

கேரளத்தில் தமிழர்க்கும் கன்னடர்க்கும் மொழிச் சிறுபான்மையினர் என்ற முறையில் சட்ட ஏற்பு உண்டு. மாநில அரசோடும், தம் பகுதியின் அரசு அலுவலகங்களோடும் தம் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமையை 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் அளிக்கிறது. தகவல் தொழில்நுட்பப் பாடநூலும் தமிழ்வழி மாணவர்க்குத் தமிழில் அச்சாகிறது. ஆனால் அந்நூலைத் திறந்து வைத்துக்கொண்டு மாணவர் அமரும் கணினியின் எச்சரிக்கை, பாடநூலின் மொழியில் பேசுவதில்லை. தபாலுக்குக் கிடைத்த உரிமை திரைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, “கணினி கற்பவர் ஆங்கிலமும் கற்றுக்கொள்ளத்தானே வேண்டும்?” கற்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பாதுகாப்பு, ஆங்கிலத் தேர்ச்சி பெற்ற பிறகு வழங்கப்படும் பரிசாக இருக்க முடியாது. மின்கம்பத்தில் ‘அபாயம்’ என்று உள்ளூர் மொழியில் எழுதிவைப்பது, மக்கள் ஆங்கிலம் கற்பதைத் தடுப்பதற்காக அன்று. இரண்டாவது, “பாதுகாப்பு நிறுவனத்தின் வேலை, மாணவரிடம் ஏன் எதிர்பார்க்க வேண்டும்?” இதில் நியாயம் மிகுதி. ஆய்வகத்தின் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து, அதைத் திரையின் ஓரத்தில் ஒட்டியும் வைக்கும் நிறுவனம், மாணவருக்குப் பொறுப்பைப் பற்றி வகுப்பெடுக்கத் தகுதியற்றது. தனித்தனிக் கணக்குகள், நிர்வாகி அதிகாரத்தைச் சிலருக்கு மட்டும் அளித்தல், புதுப்பிப்புகள் தாமாக நிறுவப்படும் ஏற்பாடு ஆகியவை நிறுவனத்தின் கடமைகள். ஆயினும் ஆய்வு மாணவரின் மடிக்கணினிக்கு நிர்வாகி அவரேதான். அங்கே பொறுப்பை வேறெவரிடமும் தள்ள வழியில்லை.

நம்மில் பலரிடம் இருப்பது நம் தரவு மட்டுமன்று. அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் மொழிகளையும், இடுக்கியில் முதுவான், மன்னான் மொழிகளையும் பதிவு செய்யும் ஆய்வாளர்களின் கணினிகளில் மணிக்கணக்கான குரல்பதிவுகள் உள்ளன. அவற்றில் கதைகள் மட்டுமா இருக்கின்றன? நில வழக்கு, குடும்பச் சண்டை, நோய், கடன் என, நம்மை நம்பிச் சொல்லப்பட்டவையும் உண்டு. குரல் கொடுத்த முதியவர் ஒப்புதல் அளித்தது ஆய்வாளருக்கு. அம்மடிக்கணினி பேருந்தில் தொலைந்துபோனால் எடுத்தவருக்கும், கள்ளவாசல் வழியே புகுந்தவருக்கும் அவர் ஒப்புதல் தரவில்லை. கணினித் திரை விளங்காத ஒப்புதலை நம்மிடம் பெறுவதைக் குறைகூறும் நாம், பிறர் நமக்களித்த ஒப்புதலைக் காக்கத் தவறினால், நம் குறைகூறலுக்கு மதிப்பேது?

ஆகவே சில செயல்களை முன்மொழிகிறேன். லினக்ஸ் நிறுவும்போதே வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்யும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள்; பின்னர்ச் செய்துகொள்வது கடினம். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புகளுக்கு இயல்பான ஆதரவு ஐந்து ஆண்டுகளே. 18.04-க்கு அது 2023-இல் முடிந்துவிட்டது, 22.04-க்கு 2027-இல் முடியும். பழைய பதிப்பில் ஓடும் கணினி வீட்டிலோ துறையிலோ இருந்தால், அதைப் புதிய பதிப்புக்கு மாற்றுங்கள். தீச்சுவரை இயக்குங்கள், ஆனால் அதோடு நிறைவடையாமல், எந்தெந்தச் சேவைகள் திறந்திருக்கின்றன என்று பார்த்து, வேண்டாதவற்றை நீக்குங்கள். தொலைநிலை உள்நுழைவுக்குக் கடவுச்சொல்லுக்கு மாறாகத் திறவுகோல் கோப்பைப் பயன்படுத்துங்கள். வீட்டு ரவுட்டரின் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். களத்தரவுக்குக் குறியாக்கம் செய்த காப்புப் பிரதிகள் இரண்டு, வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும். பொருள் விளங்காத கட்டளையை ஒட்டாதீர்கள்; விளங்கவில்லையெனில் துறையில் ஒருவரிடம் கேளுங்கள்.

இன்னொரு செயல் மொழியியல், தமிழிலக்கியத் துறை மாணவர்களுக்கு உரியது. கே.டி.ஈ. இடைமுகத்தைத் தமிழாக்கும் தன்னார்வப் பணி கால் நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கியது. ‘கணியம்’ இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கி வருகிறது. ‘ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ குழு மலையாளத்துக்குச் செய்த பணி நம் கண்முன் இருக்கிறது. இம்மென்பொருள்களின் செய்திகளை மொழிபெயர்க்க யாரிடமும் உரிமம் கேட்க வேண்டியதில்லை. கட்டற்ற மென்பொருள் என்பதன் பொருளே அதுதான். ஆயிரக்கணக்கான வரிகள் அனைத்தையும் நாம் தொட வேண்டாம். கடவுச்சொல் கேட்கும் பெட்டி, புதுப்பிப்பு அறிவிப்பு, கையொப்பம் பொருந்தாத எச்சரிக்கை, சூடோவின் முதல் அறிவுரை ஆகிய சிலவற்றை முதலில் எடுப்போம். நம் பகுதியின் தமிழ்வழிப் பள்ளிகளில் மாணவரிடம் படித்துக் காட்டி, அவர்கள் புரிந்துகொண்டதை அவர்கள் வாயால் கேட்டு, அதற்கேற்பத் திருத்துவோம். ஒரு பருவத்தின் செயல்திட்ட ஏடாக இதை எந்தத் துறையும் மாணவருக்கு அளிக்கலாம். ஆய்வேட்டில் அடங்கிப்போகும் பல பக்கங்களைவிட அந்தச் சில வரிகள் கூடுதலான மனிதர்களுக்குப் பயன்படும்.

விருப்பமுள்ள நண்பர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். ஐந்து பேர் சேர்ந்தாலும் இப்பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.